கேட்டுத்தான் தொடுவாள்

அவள் கை கழுவுவதைப் பார்த்து நான் முதலில் சிரித்திருக்கிறேன். யாருடைய கம்பியூட்டரையாவது பத்து நிமிடம் பார்த்துக் கொடுத்தாலும் போதும், நேரே கிணற்றடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பாள். மீன் வெட்டிய கையைக்கூட நாங்கள் அப்படித் தேய்ப்பதில்லை. கீபோட்டில் அவ்வளவு ஊத்தையா என்று ஒரு நாள் கேட்டேன். ஊத்தை கீபோட்டில் இல்லை என்றாள். படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன். நோய்க்காலம் முடிந்து ஊர் மெல்லத் திறந்த நாட்களில் நடந்தது இது. அவள் எதைத் தேய்த்துக் கழுவினாள் என்று விளங்கியபோது எனக்கு வந்த அருவருப்பு இன்றுவரை போகவில்லை.

எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய வீடு. கல்முனைப் பக்கத்து ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவர் அந்த வீட்டுக்கு வருவார். அவளைக் கலியாணம் முடித்தவர் வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுக் கட்டாருக்குப் போனார். அவள் முன்னறையில் மேசை போட்டு, விடிகாலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்ப மாட்டாள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் வேலை. என்ன வேலை என்று தெருவில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. சும்மா தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

நான் பாடசாலை அலுவலகத்தில் கிளாக். எனக்கும் கம்பியூட்டர் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பில் ஒரு நாள் வேலியில் நின்று கேட்டேன். கம்பெனிக்காரர்களின் மேசைகளில் இருக்கும் கம்பியூட்டர்களை யாராவது களவாக ஆள்கிறார்களா என்று பார்ப்பதுதான் தன் வேலை என்றாள். வைரஸ் பிடிக்கிற வேலையா என்றேன். அவள் முகம் சுருங்கியது.

"வைரஸ் பிடிக்க ஆள் தேவல்ல ராத்தா, அதுக்கு மிஷினே இரிக்கி. இப்ப கள்ளன் ஒண்டும் கொண்டு வாறல்ல. வீட்டுக்காரன்ட ஏணிய எடுத்து வீட்டுக்காரன்ட கூரையிலேயே ஏறுறான். ஏணி நல்ல ஏணி. அதப் பிடிச்சி என்ன செய்யிற?"

அப்படியென்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். ஏணியைப் பார்க்கக் கூடாது, யார் ஏறினான், எந்த நேரம் ஏறினான், வீட்டுக்காரனைக் கேட்டானா என்று பார்க்க வேண்டும் என்றாள். அந்தக் கடைசிச் சொல்லில்தான் அவள் முழுவதுமாக இருந்தாள். கேட்டானா, இல்லையா. உலகத்தில் அவளுக்கு வேறு நியாயமே கிடையாது.

எங்கள் முருங்கை மரத்தின் ஒரு கிளை அவளுடைய வளவுக்குள் சாய்ந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த காய் அந்தப் பக்கத்தாருக்குத்தான் என்று குழந்தைக்கும் தெரியும். அவள் ஒவ்வொரு முறையும் வேலியில் வந்து நின்று, "எடுக்கட்டா?" என்று கேட்பாள். ஓம் என்று வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் போதாது. பெருநாளுக்கு வட்டிலப்பம் வெட்டித் தட்டில் வைத்து முன்னால் நீட்டினாலும் அதே கேள்வி. எனக்கு எரிச்சல் வரும். ஒரு முறை, உனக்காகத்தான் நீட்டுகிறேன், எடுத்துத் தொலையேன் என்று சொல்லியே விட்டேன். அவள் சிரித்தாளே தவிர மாறவில்லை.

ஒரு கலியாண வீட்டில் பெண்கள் பக்கத்தில் இருந்தோம். மாப்பிள்ளையின் சாச்சி, பெண்ணின் போனை எடுத்து உள்ளே இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, சுற்றியிருந்தவர்களுக்கும் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தோம், நானும்தான். அவள் நாங்கள் சேர்ந்து சாப்பிட்ட சஹனில் வைத்த கையை எடுத்தாள். பெண்ணிடம் கேட்டீர்களா என்று ஒரு முறை கேட்டாள். சாச்சி அடுத்த படத்தைத் தள்ளவும் எழும்பிக் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க அவளைப் பற்றித்தான் பேச்சு. கட்டாரில் இருக்கிற புருஷனின் போனுக்கு என்ன நம்பர் அடித்துத் திறப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாதாம், ஊர் உலகத்தையெல்லாம் பார்க்கிறவள் புருஷனைப் பார்க்கவில்லையே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சந்தியில் கம்பியூட்டர்க் கடை வைத்திருந்தவனைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அவனை அவன் என்றுதான் எழுதுவேன். ஊர் அவனைத் தம்பி என்றும் மகன் என்றும் கூப்பிட்டது. தங்கமான ஆள், நிமிர்ந்து ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டான் என்று பேர். நோய்க்காலத்தில் படிப்பெல்லாம் ஒன்லைன் ஆனபோது வீட்டுக்கு வீடு கம்பியூட்டர் வந்தது, பாதிக்கு மேல் அவனுடைய கடையில் இருந்துதான். பழுதென்று கூப்பிட்டால் வீட்டுக்கு வர மாட்டான். ஆம்பிளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள், பெண்பிள்ளைகள் படிக்கிற வீடுகள், அங்கே தான் வந்து நிற்பது அழகில்லை என்பான். அதற்காக விற்கும்போதே எல்லாவற்றிலும் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். கடையில் இருந்தபடியே வீட்டுக் கம்பியூட்டரைத் திறந்து பழுது பார்க்கலாம். எங்கள் வாப்பா அதைப் பள்ளிவாசலில் நாலு பேருக்குச் சொல்லிப் புகழ்ந்தார். இந்தக் காலத்திலும் இப்படிப் பேணுதலான ஒரு பிள்ளையா என்று. பேணுதல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

என் தங்கைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒலுவில் கெம்பசில் இரண்டாம் வருடம், பாதிப் பாடம் இன்னும் ஒன்லைனில்தான். நீலக் கேர்ட்டின் போட்ட அவளுடைய அறையில் ஒரு கம்பியூட்டர், மொனிட்டருக்கு மேல் ஒரு கமரா. அறிக்கை ஒன்று பிறின்ட் வராமல் அடம் பிடித்ததால் பின்வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். தங்கையிடம் "பார்க்கட்டா?" என்று கேட்டு ஓம் வாங்கிக்கொண்டுதான் கதிரையில் உட்கார்ந்தாள். பிறின்டர் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. எழும்பும்போது அவளுடைய கண் கமராவில் நின்றது.

கமராவில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. படம் பிடிக்கிற கண்ணை மறைத்து டேப் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கண் திறந்திருந்தது, பக்கத்தில் எரிகிற சின்ன வெளிச்சத்தின் மேல்தான் டேப். யார் ஒட்டியது என்று கேட்டாள். கடையிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள் என்றாள் தங்கை. அந்த வெளிச்சம் பழுது, சும்மா சும்மா எரியும், பயப்பட வேண்டாம் என்று சொன்னார்களாம்.

அவள் திரும்பவும் உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வைரஸ் தேடுகிற மென்பொருள் எல்லாம் பச்சை, ஒரு குறையும் இல்லை என்றது. கடைக்காரன் போட்ட மென்பொருளும் ஒழுங்கானதுதான், தன்னுடைய கம்பெனியிலும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள். ஆனால் அந்த ஒழுங்கான மென்பொருளுக்கு ஓர் ஒழுங்கான பழக்கம் இருந்தது. யார் எப்போது உள்ளே வந்து எப்போது வெளியே போனாலும் ஒரு மூலையில் எழுதி வைத்துவிடும். அவள் அதைத் திறந்து வாசித்துக்கொண்டே போனாள். பிறகு தங்கையைத் திரும்பிப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை பன்னெண்டரைக்கு நீங்க இந்த அறையில என்ன செய்வீங்க?"

எங்கள் ஊரில் பிறந்த பெண்ணிடம் அதைக் கேட்கவே தேவையில்லை. ஜும்ஆத் தொழுகை நேரம். கடைகள் பூட்டு, தெரு வெறிச்சோடிக் கிடக்கும், ஆம்பிளை என்று ஒருவன் வீட்டில் இருக்க மாட்டான். கிழமையில் அந்த ஒரு மணித்தியாலம்தான் நாங்கள் யன்னலைப் பற்றிக் கவலைப்படாமல் முக்காட்டைக் கழற்றிப் போட்டு நடமாடுவோம். தங்கை அந்த நேரத்தில்தான் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அறைக்குள் உடுப்பு மாற்றி, ஆறுதலாக முடி உலர்த்துவாள். கம்பியூட்டரில் மார்க்கப் பயான் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து மாதமாக, ஒரு வெள்ளி தவறாமல், பழுது எதுவும் இல்லாத அந்தக் கம்பியூட்டருக்குள் யாரோ வந்து முப்பது நாற்பது நிமிடம் இருந்துவிட்டுப் போயிருக்கிறான்.

தங்கை கட்டிலில் குந்தி விட்டாள். அழவில்லை. மேலில் ஏதோ ஊர்கிறது போல இரண்டு கையாலும் தோளைத் தேய்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் குளியலறைக்குள்ளும் முக்காட்டோடுதான் போனாள்.

பின்வீட்டுக்காரி அந்த நேரங்களை எல்லாம் பிறின்ட் எடுத்தாள். அப்போதும் அவளுடைய கேள்விதான், அந்த மென்பொருளை எடுக்கட்டா என்று. தங்கை தலையாட்டினாள். "வாயால சொல்லுங்க" என்று விடாமல் நின்றாள். என்ன கல்நெஞ்சம் இது என்று எனக்குக் கோபம் வந்தது. தங்கை மூன்றாவது தடவையில் ஓம் என்றாள், சத்தமாக, கத்துவது போல. அப்போதுதான் அவளுடைய கண்ணில் தண்ணீர் வந்தது. அழுது முடித்தபின் கொஞ்சம் மூச்சு விட்டாள். அதற்காகத்தான் கேட்டிருக்கிறாள் என்று எனக்கு வெகு பிந்தித்தான் புரிந்தது.

பொலிசுக்குப் போவோம் என்றேன். தங்கையின் பேர் வெளியே வரும், பேசிக்கொண்டிருக்கிற சம்பந்தம் முறியும் என்று வாப்பா மறுத்துவிட்டார். பள்ளிவாசல் நிருவாகத்துக்குத்தான் கொண்டுபோனார். விளக்கம் சொல்ல அவளையும் கூப்பிட்டார்கள். மறைப்புச் சீலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும், அந்தப் பக்கம் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேரும் அவனும். அவன் தாழ்ந்த குரலில், எல்லாம் சேவைக்காகப் போட்டது, கிழமைக்கொரு தடவை மெஷினைச் சுத்தம் செய்தேன் என்றான். வைரஸ் இருந்ததா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். இல்லை என்றாள். கள்ள மென்பொருளா? இல்லை, நல்லது. அப்போ என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். கடைக்காரனின் சாமான் எழுதி வைத்ததை அவனிடம் கேட்காமல் நீ எப்படி வாசித்தாய் என்றும் ஒருவர் கேட்டார். கம்பியூட்டர் அந்தப் பிள்ளையுடையது, பிள்ளையிடம் கேட்டேன் என்றாள்.

அந்தப் பிறின்டை அவர்கள் அதுவரைக்கும் வாசிக்கவே இல்லை. அவள் நேரத்தை வாய்விட்டுச் சொன்னாள். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு முப்பத்திரண்டு. அந்தப் பக்கத்தில் ஒரே நேரத்தில் எல்லாரும் பேசத் தொடங்கினார்கள்.

"ஜும்ஆவுக்குப் போகல்லயாடா நீ?"

அதுதான் அவர்களுக்குச் சுட்டது. ஐந்து மாத ஜும்ஆவை விட்டவனை எப்படித் தம்பி என்றும் மகன் என்றும் அழைத்தோம் என்று ஒருவருக்கு அழுகையே வந்துவிட்டது. என் தங்கையின் முடியும் தோளும் அந்தக் கதையில் எங்கேயும் இல்லை. பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்ய வேண்டும், ஒரு வருடத்துக்கு எல்லா ஜும்ஆவிலும் முன்வரிசையில், முதல் ஸஃப்பில் நிற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளையின் கம்பியூட்டரை ஹோலில் எல்லாரும் பார்க்க வையுங்கள் என்று வாப்பாவுக்குப் புத்தியும் சொன்னார்கள். வாப்பா சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வந்தார்.

அதைவிட அசிங்கம், அடுத்த நாள் நானே வேலியில் போய் நின்று, இதை இதோடு விட்டுவிடு, சம்பந்தம் முடியட்டும் என்று அவளிடம் கெஞ்சியது. அவள் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். எங்கள் தங்கையின் பேரை எங்கேயும் சொல்ல மாட்டேன் என்றாள். மற்ற வீடுகளில் ஏணி அப்படியே நிற்கிறதே, அதற்கு என்ன செய்கிறது என்று கேட்டாள். பிறகு ஒரு விசயம் சொன்னாள். இனி வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவன் எங்கே இருப்பான் என்று ஊருக்கே தெரியும். நிருவாகத்தின் மொக்குத் தீர்ப்பு நமக்கு ஒரு மணித்தியாலம் தந்திருக்கிறது.

அவளுக்கு ஊரில் அதிகம் பழக்கமில்லை, எனக்குப் பாடசாலையால் எல்லா வீடும் தெரியும். மூன்று வெள்ளிக்கிழமை, ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியதும் இரண்டு பேரும் புறப்பட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் உம்மாவையும் பெண்பிள்ளைகளையும் உட்கார வைத்து, அந்த மென்பொருள் என்ன செய்யும் என்று சொல்லுவாள். பிறகு கேட்பாள். ஓம் என்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். ஒரு வீட்டில், எங்களை என்ன அப்படிப்பட்ட குடும்பம் என்று நினைத்தீர்களா என்று கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், இனிப் பழுது வந்தால் யார் திருத்துவது என்று கேட்டார்கள். வேண்டாம் என்ற வீடுகளில் அவள் ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை, எழும்பி வந்துவிட்டாள். எனக்குத் தெருவில் நடக்க நடக்கப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியாக அவனுடைய வீட்டுக்குப் போனோம். அது அவள் முடிவு. வெள்ளிக்கிழமை கடை பூட்டு, அதனால் அவன் வீட்டில் இருந்த கம்பியூட்டரில் இருந்துதான் எல்லார் வீட்டுக்கும் போயிருக்கிறான் என்று பிறின்டில் இருந்த கம்பியூட்டர்ப் பேரை வைத்துக் கண்டுபிடித்திருந்தாள். எந்தெந்த வீடு என்ற பட்டியல் முழுவதும் அதற்குள் இருக்கும். எங்களுக்குத் தெரியாத வீடுகளும் இருக்கும். அதை அழித்துவிட்டால் ஊர் முழுக்க ஒரே நாளில் பூட்டிவிடலாம்.

அவனுடைய மனைவி கதவைத் திறந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய், என் தங்கையை விட நாலைந்து வயது கூட இருக்கும். எங்களைக் கண்டு அவள் ஆச்சரியப்படவில்லை, எதற்கு வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. கம்பியூட்டர் முன்னறையிலேயே இருந்தது. பின்வீட்டுக்காரி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "எடுக்கட்டா?" என்று கேட்டாள்.

"எடுத்தா அவருக்குத் தெரியும். மறுகா என்ட புள்ளையள்ற வாப்பாவ ஊர் என்ன சொல்லும்?"

ஒலிபெருக்கியில் குத்பா முடிந்து தொழுகைக்கு இகாமத் சொன்னார்கள். பின்வீட்டுக்காரி இன்னொரு தடவை கேட்டாள். வேண்டாம் என்று அந்தப் பெண் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குப் பொறுக்க முடியவில்லை. எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறார்கள், இவளிடம் என்ன கேட்டுக்கொண்டு நிற்பது என்று சொல்லிக்கொண்டே நான் மவுசில் கையை வைத்தேன். பின்வீட்டுக்காரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணா எண்டா வேணாதான் ராத்தா. வாங்க."

அந்த நேரத்தில் அவளையும் எனக்குப் பிடிக்காமல் போனது. சுத்தம் சுத்தம் என்று கையைக் கழுவுகிறாளே, அந்தச் சுத்தத்துக்காக எத்தனை பேரை விட்டுவிட்டு வந்தோம் என்று இன்றைக்கும் மனதுக்குள் அவளோடு சண்டை போடுகிறேன். அவள் இப்போது கணவனோடு கட்டாரில். சில நாள் அவள் சொன்னதுதான் சரி என்று தோன்றும், சில நாள் போய் அந்தப் பெட்டியை உடைத்திருக்க வேண்டும் என்று தோன்றும். அவன் கடை இன்னும் சந்தியில்தான் இருக்கிறது.

நாங்கள் முற்றத்தில் இறங்கியபோது தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கிற சத்தம் கேட்டது. இன்னும் ஐந்து நிமிடத்தில் தெரு நிறைய ஆம்பிளைகள் வருவார்கள். கேற்றடியில் அந்தப் பெண் பின்னால் ஓடி வந்து என் அபாயாவின் கையைப் பிடித்தாள். பின்வீட்டுக்காரி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"உங்கட தங்கச்சிட்ட எனக்காக மாப்புக் கேளுங்க. நீலக் கேர்ட்டின் போட்ட அந்த அறையில முடி காய வைக்கக்குள்ளயும் பயான்தான், பாவம். நான் அப்பவே வந்து சொல்லி இரிக்கணும்."

அவனுடைய மனைவி எங்கள் வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.